கணினிக் கேள்வி–பதில்: தீம் தேர்வும் திருத்தமும்

கேள்வி: வலைப்பூ அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தீம்களின் (தோற்ற வார்ப்புகளின்) படங்களைப் பார்த்து, பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். என் வலைப்பூவில் பொருத்தியதும் அது வேறொன்றாகத் தெரிகிறது. தவறு எங்கே?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: தவறு உங்களுடையதன்று. பட்டியலில் நீங்கள் காண்பது, தீமை உருவாக்கியவர் தாமே தயாரித்து இணைத்த, பெரும்பாலும் 1200×900 புள்ளி அளவுள்ள ஒரு நிலையான படம். அதில் பளிச்சென்ற ஒளிப்படங்களும், இரண்டு மூன்று சொற்களில் அடங்கிவிடும் ஆங்கிலத் தலைப்புகளும் இருக்கும். உங்கள் பதிவில் படம் இல்லாமல், தலைப்பும் மூன்று வரிக்கு நீண்டால், அதே தீம் வேறு முகம் காட்டுவதில் வியப்பில்லை.

2012 ஜூனில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 3.4 பதிப்பில் கஸ்டமைசர் என்னும் திரை சேர்க்கப்பட்டது இந்தக் குறையைப் போக்கத்தான். தீமைச் செயல்படுத்தும் முன்பே உங்கள் சொந்தப் பதிவுகளை அதில் இட்டுப் பார்க்கலாம். தளத்தின் பெயரையோ பின்னணி நிறத்தையோ ஒரு பக்கத்தில் மாற்றும்போதே மறுபக்கத்தில் விளைவைக் காணலாம். பிடிக்காவிட்டால் உங்கள் வாசகர் எவரும் அறியாமல் மூடிவிடலாம். முழுப் பக்கமும் ‘பிளாக்’ என்னும் துண்டுகளால் ஆன புதுவகைத் தீம்களான பிளாக் தீம்களுக்கு இத்தகைய முன்னோட்டம் 2023இல் வந்த 6.3 பதிப்பில்தான் கிடைத்தது. முகப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், மிக நீளமான தலைப்புள்ள பதிவு ஒன்றையும் படமே இல்லாத பதிவு ஒன்றையும் திறந்து, கைப்பேசி அளவிலும் பாருங்கள். அங்கே தேறாத தீம், பட்டியலில் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காக, தீம்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் திரை ஒன்றை வடிவமைக்கிறேன். பயனருக்கு எத்தனை விருப்பங்களைத் தரலாம்?
(மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: எண்ணிக்கையைவிட, எந்த விருப்பத்தை எப்படித் தொட்டாலும் பக்கம் படிக்கத்தக்கதாக இருக்கிறதா என்பதே முதன்மையானது. தலைப்பு, உரை, இணைப்பு, பின்னணி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறப் பெட்டியைத் திறந்துவிடுவது தாராள மனம்போலத் தோன்றும். உண்மையில் அது வடிவமைப்பாளர் தம் வேலையைப் பயனரின் தலையில் கட்டுவதாகும். வெளிர் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வருவது அப்படித்தான். வேர்ட்பிரஸுடனேயே வந்த டுவென்டி ஃபிஃப்டீன் தீம், ஒன்றோடொன்று இசையும் நிறங்களைத் தொகுத்து ஆறு நிறத்திட்டங்களாகத் தந்தது. 2019இல் வந்த டுவென்டி டுவென்டி இன்னும் ஒரு படி மேலே சென்றது: பின்னணியையும் ஒரு சிறப்பு நிறத்தையும் பயனர் தேர்ந்தால் போதும், அவற்றின் மேல் தெளிவாகத் தெரியக்கூடிய மற்ற நிறங்களைத் தீமே கணக்கிட்டுக்கொள்ளும். எனக்குத் தெரிந்து நீங்கள் பின்பற்ற இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை (எல்லோரும் பயன்படுத்தத்தக்க தன்மை) நெறிமுறைகளில் ஏஏ என்னும் இடைநிலைத் தரத்தின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். அதற்குக் கீழே போகும் தேர்வை உங்கள் திரை உடனே சுட்டிக்காட்டட்டும்.

அடுத்தது, பின்வாங்கும் வசதி. பயனர் துணிந்து நிறங்களை மாற்றிப் பார்க்க வேண்டுமானால், பழைய நிலைக்குத் திரும்ப முடியும் என்ற உறுதி அவருக்கு வேண்டும். மாற்றத்தை வெளியிடாமல் வரைவாகச் சேமிக்கவும், குறித்த நேரத்தில் வெளியாகும்படி வைக்கவும் 2017இல் வந்த 4.9 பதிப்பு கஸ்டமைசரில் வழிசெய்தது. 6.3 பதிப்பிலோ பிளாக் தீமின் தோற்ற மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்து மீட்கலாம். ‘முன்னோட்டம்’, ‘வெளியிடு’ ஆகிய இரு பொத்தான்களும் ஒரே நிறத்தில் அருகருகே நிற்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கேள்வி: தீமில் எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அப்படியே இருக்கிறதே?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாததால், உலாவி கணினியிலுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது, விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யூஐ. தேர்வுப் பட்டியல் எழுத்துருவின் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் காட்டுவதால், அதில் தமிழ் உண்டா இல்லையா என்று பயனர் அறிய வழியில்லை. பயனரின் சொந்தப் பதிவிலிருந்து ஒரு வரியை மாதிரியாகக் காட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பு முதல், பிளாக் தீம்களில் எழுத்துரு நூலகத்தின் வழியே கூகுள் எழுத்துருக்களை நிறுவலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான் ஆகியவற்றில் தமிழ் உண்டு. நிறுவிய பின் வரி இடைவெளியைச் சற்றே கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கென அமைத்த இடைவெளியில், மேலே ஏறியும் கீழே இறங்கியும் நிற்கும் குறிகள் உள்ள நம் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும்.