குவாரியால கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, உடனே கேஸ் போடலாமா?

கேள்வி: ராதாபுரம் தாலுகாவுல இருந்து ஒரு விவசாயி எழுதியிருக்காரு. தோட்டத்துக்குப் பக்கத்துலயே கல்குவாரி. ரெண்டு வருஷமா கிணத்துல தண்ணி இறங்கிக்கிட்டே போகுது, இருக்குற தண்ணியும் சவர்ப்பு, முருங்கை பழுத்து உதிருது. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு கொடுத்து கொடுத்து அலுத்துட்டாரு. மகன் ஒரு பாட்டில்ல தண்ணி பிடிச்சு தனியார் லேப்ல கொடுத்திருக்கான், டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பு அளவு) 2400, நைட்ரேட் 70-ன்னு வந்திருக்கு. வெடியில வீட்டு சுவர் விரிஞ்சிருக்கு, லாரி ராவும் பகலும் கேரளாவுக்குப் போகுது, பஞ்சாயத்துத் தலைவர் காசு வாங்கிட்டாருன்னு வேற. சுற்றுச்சூழல் வழக்கை விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயத்துல உடனே கேஸ் போடணுமாம்.

பதில்:

அண்ணாச்சி, லாரி, தலைவர், கேரளா எல்லாத்தையும் ஓரமா வைங்க. சுவர் விரிசல் தனி விஷயம். இந்த கேஸ்ல உங்ககிட்ட கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான், குவாரி வர்றதுக்கு முன்னாடி உங்க கிணத்துத் தண்ணி எப்படி இருந்துச்சு, அதுக்கு என்ன ஆதாரம்? அது உங்ககிட்ட இல்ல.

இப்ப தண்ணி மோசம்னு யாரும் மறுக்கப் போறதில்ல. குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 படி லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராம் தாண்டக்கூடாது, டிடிஎஸ் வேற வழியே இல்லன்னாலும் 2000 தான். ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு, இது கடலோர தாலுகா, உப்பு இயற்கை, நைட்ரேட்டு இவர் போட்ட யூரியாவும் வீட்டு செப்டிக் டேங்கும்தான்னு சொல்லுவாரு. குவாரி வெடியில அம்மோனியம் நைட்ரேட் இருக்கு, வெடிக்காம மிச்சம் கெடக்குறது மழையில கரைஞ்சு இறங்கும், அது உண்மை. ஆனா நைட்ரேட் எங்க இருந்து வந்தாலும் லேப் ரிப்போர்ட்ல ஒரே மாதிரிதான் தெரியும். மகன் கோலா பாட்டில்ல பிடிச்ச தண்ணிய வச்சு அதைப் பிரிச்சுக் காட்ட முடியாது.

இப்ப நான் பயப்படுற விஷயத்துக்கு வாரேன். கேஸ் போட்டா தீர்ப்பாயம் பெரும்பாலும் முதல்ல ஒரு கூட்டுக் குழு போடும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கனிமவளத்துறை, வருவாய்த்துறை ஆளுங்க சேர்ந்து வந்து பாப்பாங்க. அவங்க கொடுக்குற ரிப்போர்ட்தான் பாதித் தீர்ப்பு. அந்தக் குழு என்னைக்கு வரும்னு உங்களுக்குத் தெரியாது, குவாரிக்காரருக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில மழை பெஞ்சு கிணறு மேல ஏறி நிக்கும்போது வந்து சாம்பிள் எடுப்பாங்க, குவாரிக் குழியில தண்ணி இறைக்கிற மோட்டாரை ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே நிறுத்தியிருப்பாங்க, ரிப்போர்ட்ல எல்லாம் வரம்புக்குள்ள இருக்குன்னு வந்துரும். அப்புறம் நீங்க சித்திரையில காஞ்ச கிணத்தைக் காட்டி அழுதாலும் பழைய ரிப்போர்ட்டைத்தான் நீட்டுவாங்க. இப்படி நல்ல கேஸை அவசரத்துல கெடுத்துக்கிட்டு வந்தவங்க என்கிட்ட நிறைய பேரு, அவங்களுக்கு எதுவும் செய்ய முடியாம அனுப்பியிருக்கேன், உங்களையும் அப்படி அனுப்ப எனக்கு மனசில்ல.

அதனால ஒரு வருஷம் கணக்கு எழுதுங்க. மாசம் ஒரே தேதியில கயிறு விட்டு தண்ணி மட்டத்தை அளந்து நோட்டுல எழுதணும், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னும். அதே நாள் குவாரிக்கு எதிர்ப்பக்கம், தள்ளி இருக்குற ஒருத்தர் கிணத்தையும் அளங்க, அவரும் யூரியா போடுறவரா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா அவர் கிணத்துல நைட்ரேட் கம்மியா இருந்தா யூரியா கதை அங்கேயே அடிபட்டுப் போகும். பெர்மிட் தீர்ந்தோ ஸ்டிரைக்லயோ குவாரி நிக்குமே, அந்த நாள்ல மட்டம் ஏறுதான்னு பாத்து கட்டாயம் குறிங்க. இந்த ஒரு வரி பத்து மனுவுக்குச் சமம். ரெண்டு கிணத்துக்கும் தண்ணி டெஸ்ட் ஏப்ரல்-மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரின்னு நாலு தடவை, குடிநீர் வாரிய லேப்லயோ என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப்லயோ, அவங்க ஆளே வந்து எடுக்கணும்.

அந்த நாலு மாசத்தை நான் சும்மா சொல்லல. பல குவாரிகளோட சுற்றுச்சூழல் அனுமதியில சுத்தியிருக்குற கிணறுகளை அதே நாலு பருவத்துல சோதிக்கணும்னு நிபந்தனை இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அறிக்கையும் கொடுக்கணும். ஆர்டிஐ போட்டு அனுமதி நகல், அந்த அறிக்கைகள், ஆரம்பத்துல இஐஏ (சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு) போட்டிருந்தா அதுல உள்ள கிணத்துத் தண்ணி டேபிள் மூணையும் கேளுங்க. உங்களுக்கு வேணும்கிற அந்த ‘முன்னாடி’ ஆதாரம் இருந்தா அவங்க பேப்பர்லதான் இருக்கும். சோதனையே பண்ணலன்னு தெரிஞ்சாலும் நமக்கு லாபம், நிபந்தனை மீறல்னு நேரா அடிக்கலாம்.

காலக்கெடு. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் பிரிவு 14-ல கேஸ் போட, பிரச்சினை முதல்ல எழுந்த நாள்ல இருந்து 6 மாசம், மிஞ்சினா இன்னும் 60 நாள். அதைத் தாண்டிட்டீங்க, திங்கக்கிழமை மனுவெல்லாம் அதை நீட்டிக்காது. ஆனா நஷ்டஈடும் சீரமைப்பும் கேக்குற பிரிவு 15-க்கு 5 வருஷம் இருக்கு. ரெண்டு வருஷம்தான் போயிருக்கு, ஒரு வருஷம் கணக்கு எழுத தாராளமா நேரம் இருக்கு.

நடுவுல குவாரிக்காரர் பேச வருவாரு. பேசுங்க. வெளிப்படையாவே சொல்லுதேன், உங்க ஒரு கிணத்துக்காக சென்னைக்கு அலையுறதைவிட நல்லபடியா பேசி முடிக்கிறது மேல். ஆனா அவர் போட்டுத் தர்ற போர்வெல்லுல மயங்காதீங்க, குழி இன்னும் ஆழம் போனா அந்த போரும் வத்தும். குவாரி ஓடுற வரைக்கும் வருஷாவருஷம் தண்ணிக்கு இவ்வளவுன்னு எழுத்துல, பேங்க் வழியா வாங்குங்க. ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’, ‘தண்ணி நல்லா இருக்கு, ஆட்சேபணை இல்ல’ன்னு ஒரு வரி இருந்தாலும் கையெழுத்து போடாதீங்க. சாம்பிள் எடுக்க வர்ற கன்சல்டன்ட் பையன் நீட்டுற வெத்துத் தாள்லயும் போடக்கூடாது, வீட்டுல அம்மாகிட்டயும் மகன்கிட்டயும் இன்னைக்கே சொல்லி வைங்க.