காட்டோர நிலம்: செயற்கைக்கோள் ஈரம் என்கிறது, பயிர் சுருள்கிறது

கேள்வி: தாளவாடிப் பக்கம் காட்டை ஒட்டி மூன்று ஏக்கர் செம்மண் நிலம். மக்காச்சோளம் பூக்குலை தள்ளுகிறது. செல்போனில் பார்த்தால் செயற்கைக்கோள் வரைபடம் ஈரம் போதும் என்கிறது. இலையோ காலை ஒன்பது மணிக்கே சுருள்கிறது. கிணற்றில் ஒரு தடவை பாய்ச்சத்தான் தண்ணீர் உண்டு. எதை நம்புவது?

பதில்: பயிரை நம்புங்கள். உச்சி வெயிலில் சுருண்டு சாயங்காலம் விரிந்தால் பொறுக்கலாம். ஒன்பது மணிக்கே சுருள்வது சாதாரணம் இல்லை. கதிர் பட்டு நூல் விடும் நாட்களில் காயவிட்டால் மணி பிடிக்காது. அப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் அந்தக் குறை தீராது.

வரைபடம் ஏன் தவறுகிறது? மண் தானாகவே மெல்லிய நுண்ணலையை வெளிவிடுகிறது. காய்ந்த மண் அதிகமாக, ஈர மண் குறைவாக. நாசா 2015 ஜனவரியில் ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் இதை 21 செ.மீ. அலைநீளத்தில் அளக்கிறது. வெட்டவெளியிலும் குட்டைப் பயிரிலும் சரியாக வரும். காட்டில்தான் சிக்கல். இலை, கிளை, அடிமரம் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. அது மண்ணின் அலையை மறிக்கிறது, தன் பங்குக்குத் தானும் அலை விடுகிறது. விடியற்காலையில் காட்டோரச் சருகை அள்ளிப் பாருங்கள், பனியில் நனைந்து கையில் ஒட்டும். அடியில் மண் பொடியாக உதிரும். அந்தச் சருகின் ஈரமும் அளவைக் குழப்பும். மரத்தின் பங்கைக் கழிக்கக் கணக்கு உண்டு. ஆனால் சதுர மீட்டருக்கு 5 கிலோ வரை தாவர நீர் உள்ள இடத்துக்குத்தான் அதன் துல்லியத்துக்கு இலக்கு வைத்தார்கள். அடர்காடு அதைத் தாண்டிவிடும். கூடுதலாகக் கழித்தால் ஈரம், குறைவாகக் கழித்தால் வறட்சி என்று காட்டும்.

இதைவிடப் பெரிய சங்கதி, ஒரு அளவீடு சுமார் 40 கி.மீ. அகலத்தை அள்ளிக்கொள்கிறது. அதில் உங்கள் மூன்று ஏக்கர் எங்கே தெரியும்? அதுவும் மேல் 5 செ.மீ. மண்ணுக்குத்தான், மக்காச்சோள வேர் அதற்குக் கீழே குடிக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் செயற்கைக்கோள், ரேடார் மூலம் இன்னும் சிறிய இடங்களைப் பிரித்துப் பார்க்கும். அதற்கும் மரம் இடைஞ்சல்தான்; அலை தரையிலும் அடிமரத்திலும் பட்டுப் பலமாகத் திரும்பும்.

சரி, இன்றே மூன்று இடத்தில் ஒரு அடி தோண்டுங்கள். ஒன்று மர ஓரமாக இருக்கட்டும். மர வேர் அங்கே தண்ணீரை இழுத்திருக்கும். அடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நின்றால் இரண்டு நாள் பொறுங்கள், வேரில் பூச்சி, அழுகல் இருக்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் பாய்ச்சுங்கள். கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டிக் கருவி கிடைத்தால் வேலை இன்னும் சுலபம்: நீல விளக்கோ பச்சை விளக்கோ எரிந்தால் ஈரம் போதும் என்று பொருள், ஆரஞ்சு வந்தால் பாய்ச்சலாம், சிவப்பு வந்தால் உடனே பாய்ச்ச வேண்டும்.

இருக்கிற தண்ணீரை ஒரு சால் விட்டு ஒரு சாலில் விடுங்கள், மூன்று ஏக்கருக்கும் எட்டும். யானை நடமாடும் இடம். நன்றாக விடிந்த பிறகே மோட்டார் போடப் போங்கள்.