சிவனசமுத்திரத்தில் பிள்ளைகளுக்கு அருவியைத் தவிர என்ன இருக்கிறது?

பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு போகிறோம், பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய உண்டு.

காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு தீவைச் சுற்றி, ககனசுக்கி, பரசுக்கி என்ற இரண்டு அருவிகளாக விழுகிறது. "இவ்வளவு தண்ணியும் எங்கேப்பா போகுது?" என்றாள் என் மகள். ஒகேனக்கல், மேட்டூர், அப்புறம் உன் தாத்தா ஊர் வாய்க்கால் என்றேன். அன்றிரவே வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் இங்கே இருக்கும் நீர்மின்நிலையத்தின் கதையைச் சொல்லாமல் திரும்பாதீர்கள். உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்ற, 1902-இல் இங்கே எடுத்த மின்சாரம் முதலில் போனது பெங்களூருக்கு அல்ல, கோலார் தங்கவயலுக்கு. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். பெங்களூரில் மின்விளக்கு எரிந்ததே 1905-இல்தான்!

ஆடி, ஆவணியில் போங்கள். கோடையில் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.