மகனோட ஆறாவது பொறந்தநாள வீட்டுலயே செலவு கொறைவா, புள்ளைங்க சந்தோஷப்படுற மாதிரி எப்படி செய்யலாம்?

வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் காய்கறித் தோட்டம் இருக்கு, ஆனா சொந்தக்காரங்க ஹோல் (மண்டபம்) எடுத்துத்தான் செய்யணும்னு நெருக்குறாங்க, என்ன செய்றதுன்னு தெரியலன்னு கேட்டிருக்கீங்க. சொந்தக்காரங்கன்னு நீங்க எழுதுன அந்த வரியப் படிச்சதும்தான் பதில் எழுத உக்காந்தேன். இத அப்படியே அனுபவிச்சவ நான்.

நீங்களும் எங்கள மாதிரி மாசச் சம்பளத்துல ஓடுற குடும்பம்னு நெனச்சுத்தான் எழுதுறேன். வசதி இருக்கிறவங்க ஹோல் எடுத்து, போட்டோக்காரர் வச்சு செய்றத நான் கொற சொல்ல வரல, அவங்க காசு அவங்க இஷ்டம். கடன் வாங்கி செய்யாதீங்க, அது மட்டும்தான் நான் சொல்றது. இத எழுதுனா உடனே "புள்ளைக்கு செலவழிக்க மனசில்லாதவ"ன்னு சொல்ல ஆள் வரும்னு தெரியும், சொல்லட்டும்.

நாங்க பொகவந்தலாவை பக்கம், தேயிலத் தோட்டத்து லயத்துலதான் (வரிசை வீடு) இருக்கோம். வீட்டுக்காரர் கொழும்புல ஒரு கடையில வேலை செய்றாரு, மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. மாமியார் இன்னும் கொழுந்தெடுக்க மலைக்குப் போறாங்க. நான் டவுன்ல ஒரு கொம்யூனிகேஷன்ல (போன், போட்டோகொப்பி கடை) நிக்கிறேன். மகளுக்கு மார்ச்ல ஆறு வயசு முடியப் போகுதுன்னதும் எங்க வீட்டுக்காரரோட அக்கா வந்து, கொழும்புல ஒழைக்கிற மனுசன் இருந்தும் ஒத்தப் புள்ளைக்கு ஒரு ஹோல் எடுக்க முடியாதா, பக்கத்து டிவிசன்ல அவங்க எப்படி செஞ்சாங்க பாத்தியா, பலூன் வளைவு என்ன, மூணு தட்டு கேக் என்னன்னு ஆரம்பிச்சாங்க. அந்தப் பக்கத்து டிவிசன் வீட்டுல கேக் வெட்டுனதுக்கு அப்புறம் கெழமைக்கு கெழம லோன்காரங்க வந்து வாசல்ல நிக்கிறத நாங்க எல்லாருமே பாத்தோம். அந்த அம்மா பாவம், வேல செஞ்ச நாளுக்குப் பேர் போட்டு வர்ற சம்பளத்துல பாதிய அதுக்கே குடுத்துட்டு கடையில கடன் சொல்லிட்டு நிப்பாங்க. தோட்டச் சம்பளம் 2021ல ஒரு நாளைக்கு 1000 ரூபா ஆச்சு, 2024ல 1350 ஆச்சு, ஆனா அது முழுப்பேர், அதாவது முழு நாள் கணக்கு, விழுந்தாத்தான், மழையில கொழுந்து கொறஞ்சு அரைப்பேர் போட்டா அதுவும் இல்ல. அந்தக் காசுல ஒரு சாயங்காலத்துக்கு ஹோல் வாடகை கட்ட எனக்கு மனசு வரல.

இதுல புள்ளைய எப்படி சமாளிக்கிறதுன்னுதான் நெறைய பேர் பயப்படுறாங்க. என் மகளும் வகுப்புல ஒரு புள்ளையோட கேக் படத்தப் பாத்துட்டு அதே மாதிரி வேணும்னுதான் கேட்டா. நான் அவள அதட்டல, "நமக்கெல்லாம் அது முடியாது"ன்னும் சொல்லல. அந்த வார்த்தைய மட்டும் புள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க, அது மனசுல தங்கிரும். இவ்வளவு காசு இருக்கு, இதுல கேக், சாப்பாடு, புது சட்டை மூணும் செய்யணும், நீயே பிரிச்சுக் குடுன்னு நோட்டுகள மேசையில வச்சேன். ஆறு வயசுக்கு அது புரியாதுன்னு மாமியார் சொன்னாங்க. ஆனா புரிஞ்சுச்சு. சட்டைக்கு நெறைய எடுத்து வச்சா, அப்புறம் யோசிச்சு அதுல கொஞ்சம் கேக்குக்கு மாத்துனா, ஒரு கிலோ வெண்ணெய்க் கேக் போதும், மேல பூ மட்டும் வேணும்னா. அன்னைக்கு இருந்து ஒரு தடவ கூட அந்த மூணு தட்டு கேக்கப் பத்தி அவ பேசல, ஏன்னா முடிவெடுத்தது அவதான்.

இப்ப தோட்டத்துக்கு வர்றேன். 2022ல மாவும் பால்மாவும் கெடைக்காம, கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில நின்ன நேரத்துல மாமியார் தோட்டத்துல போட்ட உருளக்கெழங்கும் போஞ்சியும் (பீன்ஸ்) தான் எங்க வீட்ட காப்பாத்துச்சு. ரொட்டிக்கு மாவு இல்லாத நாள்ல அவிச்ச கெழங்கும், மிளகா இடிச்ச கட்டசம்பலும்தான் ராத்திரி சாப்பாடு. மகளுக்கு அது அப்ப இருந்தே புடிச்ச சாப்பாடு. அதனால பொறந்தநாளுக்கு கெழங்கு தோண்டுற வெளையாட்டு வைக்கலாம்னு எனக்குத் தோணுச்சு. நவம்பர் கடைசில வெறும் உரபேக்குல, ஒவ்வொரு பேக்லயும் மொளச்ச கெழங்கு ரெண்டு போட்டு வச்சோம். ஒவ்வொரு பேக்கும் ஒரு புள்ளைக்குன்னு மகள் அவளே பேர் எழுதி குச்சில கட்டி நட்டா. எழுத்து கூட்டிப் படிக்கிற வயசு, அந்தப் பேர்களாலேயே அவளுக்கு ல, ழ, ள சரியா வந்துச்சு.

நீங்களும் செய்யணும்னா செய்முறை சொல்றேன். கெழங்குக்கு ரகத்தப் பொறுத்து மூணு மாசம், மூணரை மாசம் புடிக்கும், அதனால பொறந்தநாள்ல இருந்து பின்னாடி எண்ணி நாள் பாருங்க. பெரிய கெழங்க வெட்டிப் போடுறதா இருந்தா ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு கண்ணாவது இருக்கணும், வெட்டுன முகத்த ஒரு நாள் காய விட்டு போடுங்க, ஈரத்தோட போட்டா அழுகிரும். பேக்குக்கு அடியில தண்ணி வடிய ஓட்ட போடுங்க, நம்ம பக்கத்து மழைக்கு ஓட்ட இல்லாத பேக்ல எதுவும் தங்காது. பாதி வரைக்கும் மண்ணும் மக்குன மாட்டெருவும் போட்டு நட்டுட்டு, செடி வளர வளர மேல மண்ணு அணைச்சுட்டே வாங்க. கெழங்கு வெளிச்சத்துக்குத் தெரிஞ்சா பச்சையாயிரும், பச்சையான கெழங்கு நஞ்சு, வாந்தி வரும், அவிச்சாலும் போகாது, அதப் புள்ளைங்களுக்குக் குடுக்கவே கூடாது. சில செடியில பூ பூத்து சின்னத் தக்காளி மாதிரி காய் வரும், அதுவும் நஞ்சுதான், கண்டதும் பிச்சுப் போட்டுருங்க. ஜூன், ஜூலை மழையில போட்டா எல கருகுற நோய் வந்து ஒரு கெழமையில எல்லாம் படுத்துரும், அதனால பொறந்தநாள் ஆகஸ்ட், செப்டம்பர்ல வந்தா கெழங்க நம்பாதீங்க. அதுக்கு முள்ளங்கி போடலாம், நாப்பது நாப்பத்தஞ்சு நாள்ல புடுங்கலாம், புள்ளைங்க திங்க மாட்டாங்க ஆனா புடுங்குறதுக்கு சண்ட போடுவாங்க.

வந்த புள்ளைங்களுக்குத் திருப்பிக் குடுக்க கடையில ப்ளாஸ்டிக் சாமான் வாங்காம, வெறும் யோகட் கப்புல போஞ்சி போட்டு வச்சோம். போஞ்சி வெத பெருசு, சின்னக் கையாலயும் நடலாம், எங்க குளுருக்கே பத்து நாளுக்குள்ள மொளச்சு வந்துரும், அதனால பார்ட்டிக்கு ரெண்டு கெழமைக்கு முன்னாடி போட்டா கைல குடுக்குற சைஸ்ல ரெண்டு எலையோட நிக்கும். தேயில மண்ணு புளிப்பு மண்ணு, அதுல போஞ்சி மஞ்சளாயிரும், கொஞ்சம் டொலமைட் சுண்ணாம்புத் தூளோ இல்ல அடுப்புச் சாம்பலோ கலந்து வைங்க. நுவரெலியா பக்கம் இருக்கிறவங்க ஜனவரி, பெப்ரவரியில பனி கொட்டுற நேரம் போஞ்சிய வெளிய வைக்காதீங்க, ஒரு ராத்திரி போதும் கருகுறதுக்கு.

அன்னைக்கு என்ன செஞ்சோம்னா, சம்பளம் 10ஆம் தேதிக்கு, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேல வச்சோம், மலைக்குப் போறவங்களும் வீட்டுல இருப்பாங்க. லயத்துல இருக்கிற எல்லாப் புள்ளைங்களையும் கூப்புட்டேன். வகுப்புப் புள்ளைங்கள மட்டும் கூப்புடுன்னு சிலர் சொன்னாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற புள்ள சத்தத்த மட்டும் கேட்டுட்டு உக்காந்திருக்கிறது எப்படி இருக்கும்னு யோசிச்சாங்களான்னு தெரியல. கிப்ட் வேணாம், மொய் வேணாம், வேணும்னா ஒரு கொப்பி கொண்டு வாங்கன்னு வீடு வீடா போய் முன்னாடியே சொல்லிட்டேன், இத வாயால சொல்லணும், இல்லன்னா காசு இல்லாத வீட்டுல இருந்து புள்ளைய அனுப்பவே மாட்டாங்க. வந்த புள்ளைங்க அவங்கவங்க பேர் இருந்த பேக்க ஒண்ணா சாச்சுக் கொட்டி கையாலயே மண்ணக் கிளறுனாங்க. அந்த சத்தத்த நான் எப்படி எழுதுறது! கீழ லயத்துல இருந்தவங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாங்க. ஒரு பேக்ல ஒரு கிலோவுக்கு மேலயும் வந்துச்சு, ஒண்ணுல நாலே கெழங்கு வந்து அந்தப் புள்ள மொகம் சுருங்கிருச்சு, என் மகள் யாரும் சொல்லாமலே அவளோடத அள்ளி அதுல போட்டா. கழுவி, பெரிய சட்டியில தோலோட அவிச்சு, உப்பும் மிளகும் பட்டரும் பெரட்டிக் குடுத்தோம், பெரியவங்களுக்கு கட்டசம்பல். அது போக கடலையும் வடையும் கேக்கும் தேத்தண்ணியும். ஹோல் வேணும்னு சொன்ன அதே அக்காதான் இஸ்தோப்புல (திண்ணை) உக்காந்து கெழங்குக்கு தோல் உரிச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க. இத நான் குத்திக் காட்டச் சொல்லல, அவங்களும் சந்தோஷமாத்தான் போனாங்க.

சில விஷயம் கட்டாயம் கவனிங்க. கேக் வெட்டும்போது பட்டாசு கொளுத்துறது இப்ப ஒரு பழக்கமாயிருச்சு, தேயில மலை பக்கத்துல அத செய்யவே செய்யாதீங்க, குளவிக் கூடு எங்க இருக்கும்னு யாருக்கும் தெரியாது, குளவி கொட்டி ஆளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது நமக்குப் புதுசா என்ன. பூச்சி மருந்து அடிக்கிற சாமான், மருந்து ஊத்தி வச்ச போத்தல் எல்லாத்தையும் முதல் நாளே பூட்டி வைங்க. சோடா போத்தல்ல மருந்து ஊத்தி வைக்கிற பழக்கம் இன்னும் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, பொறந்தநாள் வீட்டுல அது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு நான் விளக்கணுமா? அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைக்கு முழுக் கச்சான் (நிலக்கடலை) குடுக்காதீங்க, தொண்டையில அடைக்கும், வெடிச்ச பலூன் துண்டும் அப்படித்தான், கூட்டிப் பொறுக்கிருங்க. மழ விட்டிருந்தா புல்லுல அட்ட இருக்கும், வாசல்ல உப்பு ஒரு கிண்ணத்துல வைங்க. அஞ்சரைக்கு எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பிருங்க, இருட்டுன பிறகு சின்னப் புள்ளைங்க தனியா நடக்குற எடம் இல்ல இது, சிறுத்த வந்து நாயத் தூக்குற எடம்.

இவ்வளவு சொல்லிட்டு இத சொல்லாம இருக்க முடியல. நாங்க கெழங்கு பேக் வச்ச அந்தத் துண்டு காணி எங்களோடது இல்ல. மாமியார் பொண்ணா வந்த காலத்துல இருந்து கல்லு பொறுக்கி, எரு சொமந்து உண்டாக்குன மண்ணு அது, அதுல போன வருஷம் தோட்ட நிர்வாகத்துல இருந்து ஆள் வந்து அளந்து, குச்சி நட்டு, பாதிய எடுத்துட்டாங்க. என்ன காரணம்னு கேட்டா பதில் இல்ல, காகிதம் இருக்கான்னு எங்ககிட்ட திருப்பிக் கேக்குறாங்க. காகிதம் எங்ககிட்ட எப்படி இருக்கும்? கோப்பிக் காலத்துல இருந்து, அப்புறம் 1867ல கண்டி பக்கம் லூல்கந்துரையில தேயில போட்டதுல இருந்தும், காட்ட வெட்டி மலைய உண்டாக்குன ஆளுங்க நாங்க, நம்ம சனம் வந்து 200 வருஷம் ஆச்சுன்னு 2023ல மலையகம் 200ன்னு சொல்லி தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நம்ம சனம் நடந்தே வந்துச்சு, அதுல கேட்டதுல ஒண்ணு இந்தக் காணிதானே. வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தர்றோம்னு சொன்னது சில தோட்டத்துல வீடாவும் ஆச்சு, நல்லது, ஆனா எங்க பக்கம் இன்னும் லயம்தான். புள்ளைங்களுக்கு மண்ணத் தொட்டு வளக்கணும்னு ரேடியோவுல பேசுறவங்க, அந்தப் புள்ளைக்கு மண்ணு யாரு தருவாங்கன்னு ஒரு வார்த்த பேசுனா நல்லா இருக்கும். உங்க கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதான், மன்னிச்சுக்குங்க, உங்க வீட்டுப் பின்னாடி தோட்டம் இருக்குன்னு படிச்சதும் வந்துருச்சு.

எடம் கொறஞ்சாலும் பேக்ல போடுறதுனால இந்த வருஷமும் எங்களுக்குத் தடையில்ல, இஸ்தோப்பு ஓரத்துல வரிசையா வச்சிருக்கோம். உங்க மகனுக்கு எந்த மாசம் பொறந்தநாளுன்னும், நீங்க எந்தப் பக்கம்னும் எழுதுங்க. ஹட்டனுக்கும் பதுளைக்கும் மழையும் குளுரும் வேற வேற, அதுக்கு ஏத்த மாதிரி கெழங்கா, முள்ளங்கியா, எப்ப போடணும்னு மாமியார்கிட்ட கேட்டு சொல்றேன்.