சங்கத்தில் சேர்ந்தால் மானியம் வருமா?

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் ஒன்பது ஆண்டுகளாகக் கிராமத்தில் படிப்பகம் நடத்துகிறது. தேசிய நூலகச் சங்கம் ஒன்றில் சேர்ந்தால் மத்திய அரசு மானியம் தானாக வரும் என்று ஒருவர் ரூ.7,500 கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

சங்கம் மானியம் தரும் இடமல்ல. நூலகங்களுக்காக அரசிடம் வாதாடும் இடம். 1928-ல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கமும் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனும் இருபது ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பலன்தான் 1948-ன் பொது நூலகச் சட்டம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி என்று வாங்குகிறார்களே, அதற்கு வழி வகுத்தது அந்தச் சட்டம்.

கொல்கத்தாவில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளைதான் மத்திய உதவி தருகிறது. பெரும்பாலும் மாநில அரசும் பங்கு போடும் திட்டங்கள். தன்னார்வ அமைப்புகளின் நூலகங்களுக்கென்று தனித் திட்டமும் உண்டு. அதைத்தான் அந்த நபர் தூண்டிலாக்குகிறார். இதற்கு மன்றம் பதிவாகியிருக்க வேண்டும். வாசலில் பலகை மாட்டியிருப்பது பதிவு ஆகாது. வங்கிக் கணக்கு மன்றத்தின் பெயரில் வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கு உதவாது. வரவு செலவு தணிக்கையாகியிருக்க வேண்டும். இதில் எதையும் உறுப்பினர் அட்டை ஈடுகட்டாது.

பதிவேடுகளை நீங்களே எழுதுங்கள். ஒரு படிப்பகத்தில் பார்த்தேன்: பன்னிரண்டு மாத வருகைப் பதிவேடும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. தரகர் ஒரே இரவில் எழுதிக் கொடுத்தது. ஆய்வுக்கு வந்தவர் இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டார். நிஜமாகவே அங்கே தினமும் பிள்ளைகள் வந்து படித்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மக்கள் கட்டிய நூலக வரியையே பல உள்ளாட்சிகள், மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் பாக்கி வைத்திருக்கின்றன. இந்த லட்சணத்தில் தனி ஒரு படிப்பகத்தின் மனு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டேதான் இருக்கும். சுற்று வட்டாரத்தில் நான்கைந்து படிப்பகங்களாவது சேர்ந்து மாவட்ட நூலக அலுவலரிடம் போங்கள். அப்போது மாநில, தேசிய நூலகச் சங்கங்களுக்கும் நகல் அனுப்புங்கள்; உங்களுக்காகக் குரல் கொடுக்கச் சொல்லி நேரடியாகவே கேட்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். அந்த நபரிடம் மன்றத்தின் முத்திரையோ லெட்டர்பேடோ இருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.