பதில்: தண்ணீரை மாற்ற மாற்றக் குளம் பச்சையாகிறது

வீட்டு மீன் குளத்தில் மூன்று தடவை முழுத் தண்ணீரையும் இறைத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவியும் பத்தே நாளில் மறுபடி பச்சை என்கிறீர்கள். அந்தத் தேய்ப்புதான் வினையே. கல்லிலும் சுவரிலும் படியும் வழுவழுப்பில்தான் மீன் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கழுவி ஊற்றிவிடுகிறீர்கள். பிறகு சேரும் கழிவு பாசிக்கு உரமாகிவிடுகிறது.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். முழுக்கச் சீரான பச்சையாக இருந்தால் அது மிதக்கும் நுண்பாசி. வலைபோட்டு அள்ள முடியாது, வெயிலையும் உரத்தையும்தான் குறைக்க வேண்டும். அல்லி வைத்து, நீர்ப்பரப்பில் பாதிக்குமேல் இலை மூடும்வரை பொறுத்திருங்கள். அதுவரை ஆகாயத்தாமரையை மிதக்கவிடலாம், ஆனால் அது குட்டி போட்டுப் பெருகும். வாரம் ஒருமுறை அள்ளிக் குறையுங்கள். ஆற்றிலோ ஏரியிலோ மட்டும் அதை வீசிவிடாதீர்கள்!

தண்ணீர் தெளிவாக இருந்து, கல்லில் முடிமுடியாகத் தொங்கினால் இழைப்பாசி. சொரசொரப்பான குச்சியை விட்டுத் திருகினால் சிடுக்கு விழுந்த நூல்போலச் சுற்றிக்கொண்டு வரும். நல்ல உரம், செடிக்குப் போடுங்கள்.

தீனி? இரண்டு மூன்று நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்ப்பது போதும். மிச்சமெல்லாம் பாசிக்குத்தான்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன என்றீர்களே, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும். இன்றைக்கே காற்று பம்பை இரவு முழுக்க ஓடவிடுங்கள்.