ஊர்க்கோடியில் ஒரு செட்டிநாட்டு வீடு: வாங்கலாமா, விற்கலாமா?

பழைய வீடுகளைப் பற்றி வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. எல்லாமே காரைக்குடி சுற்றுவட்டாரம். அதனால் இந்த முறை வேறு எதையும் தொடவில்லை.

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஊர்க்கோடியில், கண்மாயைப் பார்த்தபடி ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. 1920களில் கட்டியதாம். முழுக்கப் புதுப்பித்து, பெயின்ட் அடித்து, நாளைக்கே பால் காய்ச்சலாம் என்கிற நிலையில் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் அங்கே போய்விடலாம் என்று ஆசை. விலையும் சென்னை ஃபிளாட்டை விடக் குறைவுதான். எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (ஒரு வாசகர், சென்னை)

இன்னொரு முறை வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள். போனால் முகப்புத் திண்ணையில் உட்காருவீர்கள், வளவில், அதாவது நடு முற்றத்தில், விழுகிற வெயிலைப் பார்ப்பீர்கள், அப்புறம் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. முதலில் பத்திரக் கட்டைக் கேளுங்கள்.

அந்த ஊர்களில் வீடு மலிவாக வந்தால், ஊரின் தூரம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அநேகமாகப் பங்கு. அந்த வீடுகளைக் கட்டிய விதமே அப்படி. நடுவில் வளவு, அதைச் சுற்றி அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் தனியாக ஒரு பகுதி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் அனுப்பிய பணத்தில், பர்மாத் தேக்கும் ஐரோப்பியக் கண்ணாடியும் கப்பலில் வந்து இறங்க எழுந்த வீடுகள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வரவு ஒடுங்கியது, வீடுகள் பூட்டிக்கொண்டன. பூட்டிய வீட்டிலும் வாரிசு பெருகிக்கொண்டே போகும் இல்லையா? நாலு மகன்கள் பேரில் இருந்தது, இன்று நாற்பது பேர் கையில் இருக்கலாம். அவர்களில் ஒருவர் சிட்னியில், ஒருவர் பினாங்கில், ஒருவர் எங்கே என்றே தெரியாது.

பெண்கள் பங்கைத்தான் விற்பவர்கள் மெல்ல மறந்துவிடுகிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1956 முதலே, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவர் பங்கில் மகளுக்கும் பாகம் உண்டு. ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பெண் தன் பாகத்தைப் பிரித்துக் கேட்க முடியாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவும் இருந்தது. 2005-ல் அதை எடுத்துவிட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே, அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்குக் கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தச் சமயத்தில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அதை இந்தத் திருத்தம் தொடாது. அதனால் "அந்தக் காலத்திலேயே பேசிப் பிரித்துக்கொண்டோம்" என்று யாராவது சொன்னால், பதிவான பத்திரம் எங்கே என்று கேளுங்கள். பதியாமல் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். வாங்கிப் படியுங்கள், அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

வில்லங்கச் சான்று எடுத்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது என்று தரகர் சொல்வார். வில்லங்கத்தில் பதிவானது மட்டும்தான் வரும். வாரிசாக வந்த உரிமை வராது, பதியாத உயில் வராது. இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகான விவரம்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் பதிவேட்டைத் தேடச் சொல்லி மனுப்போட வேண்டும். தாய்ப்பத்திரத்திலிருந்து ஒரு வம்சாவளி வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயிரோடு இருப்பவர் என்றால் கையெழுத்து. இதை விற்பவரின் வக்கீல் செய்து தரக்கூடாது. உங்கள் வக்கீல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்திருந்தால், கொடுத்தவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். அவர் போனால் பவரும் போயிற்று.

ஊர்க்கோடி என்று வேறு சொல்கிறீர்கள். நடுத்தெருவில் இருக்கிற வீட்டுக்கு நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டா பார்த்தால் ஓரளவு போதும். கோடியில் இருக்கிற வீட்டில், சுற்றுச்சுவருக்கு உள்ளே இருப்பதெல்லாம் நத்தம்தானா, பின்னால் இருக்கிற தோட்டம் புஞ்சையா, வரத்துக்கால்வாயை வளைத்துப் போட்டிருக்கிறார்களா, தண்ணீர் நிற்கிற கண்மாய் உள்வாய்க்குள் ஒரு மூலை போகிறதா என்று, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தை வைத்து சர்வேயரை அளக்கச் சொல்லுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கிற சுவரை எத்தனை அழகாகப் புதுப்பித்தாலும் அது உங்களுடையதாகாது. இன்னொன்று, அந்த வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். பின்பகுதியான மூன்றாங்கட்டை மட்டும் எப்போதோ தனியாக விற்றிருப்பார்கள். பத்திரத்தில் நான்கு எல்லையையும் படித்து, நடந்து பார்த்துவிடுங்கள்.

பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இதை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: நாங்கள் பார்த்த பழைய வீட்டில் சுவரெல்லாம் புதுசாகச் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். தூண்களுக்குப் பளபளவென்று வார்னிஷ். "இனி முப்பது வருஷத்துக்குத் தொட வேண்டாம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? (ஒரு வாசகி, மதுரை)

முப்பது வருஷமா? மூன்று ஐப்பசி தாங்குகிறதா பார்ப்போம்.

அந்தச் சுவர்கள் சுண்ணாம்பில் எழுந்தவை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், மேலே அடுக்கடுக்காகப் பூச்சு, கடைசிப் பூச்சில் கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கியிருப்பார்கள். இப்படிப்பட்ட சுவருக்குத் தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும், சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட்டைப் பூசி, அதற்கும் மேலே பிளாஸ்டிக் பெயின்ட்டை அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கூடவே வருகிற உப்பு உள்ளே பூத்து, பூச்சைத் தள்ளும். முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் இடுப்பளவு உயரத்தில் பெயின்ட் கொப்பளிக்கும், தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும், ஒரு நாள் தகடாகப் பெயர்ந்து விழும். விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கான்ட்ராக்டர் சிமென்ட்தான் உறுதி என்று சொல்லியிருப்பார், இவரும் செலவழித்திருப்பார். ஆனால் அந்தச் செலவை நீங்கள் விலையில் ஏற்றிக் கொடுக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் குறைத்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பூச்சை வெட்டியெடுத்துத் திரும்பச் சுண்ணாம்பு பூசுகிற கூலி உங்கள் தலையில். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்பே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், அவர் கூலிக்கு அதைவிட நல்ல செலவு இல்லை.

போவதை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எந்த ஓட்டு வீடும் ஒழுகாது! மழை பெய்யும்போது வளவு வாசலில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் அதைத் தூம்பு வழியாகக் கிணற்றுக்கோ ஊருணிக்கோ கொண்டுபோனார்கள். புதுசாகக் குளியலறை கட்டும்போது அந்தத் தூம்பை அடைத்திருந்தால் தண்ணீர் அஸ்திவாரத்தில்தான் நிற்கும். கொல்லைக் கிணற்றுக்கும் புது செப்டிக் டேங்குக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மேலே ஏறி ஓட்டைப் பாருங்கள். நாட்டு ஓடு பல வரிசையாகப் போட்ட கூரை குளுமையாக இருக்கும், ஆனால் குரங்கு ஒரு தடவை ஓடியது என்றால் போதும். உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் முதலில் உளுக்கும், நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வார்னிஷ் அடித்த தூணை ஊசியால் மறைவான இடத்தில் குத்துங்கள். தேக்கு என்றால் ஊசி இறங்காது, ஓட்டையை அடைத்த புட்டிப் பூச்சு என்றால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். அது தேக்குத்தானா என்பதே ஒரு கேள்வி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூணும் கதவும் நிலையும் விற்பனைக்கு நிற்கின்றனவே, அவை எல்லாம் ஏதோ ஒரு வீட்டிலிருந்து பெயர்த்து வந்தவைதான். நீங்கள் பார்க்கிற வீட்டில் கான்கிரீட் தூணுக்கு மர நிறம் அடித்து வைத்திருக்கிறார்களா என்று கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பாவிய தரை மங்கிக் கிடக்கிறது. ஆசிட் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமா? (ஒரு வாசகர், திருச்சி)

ஆகும், அத்தோடு பூவும் போகும். அந்தக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். ஆசிட் அந்த நிறத்தைத்தான் முதலில் தின்னும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேயுங்கள். அப்புறம் நடமாட்டம் வேண்டும். பூட்டியே கிடக்கிற வீட்டில் இந்தத் தரை மங்கத்தான் செய்யும்.

கேள்வி: எங்கள் பாட்டையா கட்டிய வீடு. நாங்கள் பதினான்கு பங்குதாரர்கள். நான்கு வருஷத்துக்கு முன் எல்லோரும் பணம் போட்டுப் புதுப்பித்தோம். இப்போது பராமரிக்க முடியவில்லை, விற்றுவிடலாம் என்றால் பெரியப்பா மகன் ஒருவர் மட்டும் "படைப்பு வீட்டை எப்படி விற்பது" என்று மறுக்கிறார். அவரை விட்டுவிட்டு எங்கள் பங்கை மட்டும் விற்க முடியுமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோவை)

சட்டப்படி உங்கள் பங்கை விற்கலாம். யார் வாங்குவார்கள் என்பதுதான் சிக்கல். பிரிக்காத குடும்பத்து வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், அவர் உள்ளே வந்து உங்கள் அண்ணனோடு சேர்ந்து குடியிருக்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு இடம் தருவதில்லை. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் போடுகிற மதிப்புக்குத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று உங்கள் அண்ணன் சொல்லலாம். 1893-ல் வந்த பாகப்பிரிவினைச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. இதெல்லாம் தெரிந்த எவரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

அதே சட்டத்தில் உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வீட்டை நியாயமாகப் பிரிக்க முடியாது என்றால், பாதிப் பங்கோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் கேட்டால் நீதிமன்றம் மொத்தமாக விற்றுப் பணத்தைப் பிரிக்க உத்தரவிடலாம். மற்றவர்கள் அந்த மதிப்பில் உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் இது வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்குள் நீங்கள் புதுப்பித்த கூரை இன்னொரு தடவை புதுப்பிக்கும் நிலைக்கு வந்துவிடும். வளவுக்கு நடுவில் கோடு கிழித்துப் பிரித்து, ஒரு பாதியை இடித்த வீடுகளை நீங்களே உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். மீதிப் பாதிக்கு ஒரு பக்கச் சுவரே இருக்காது, மழை நேராக உள்ளே இறங்கும். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

அண்ணன் சொல்வதை வெறும் முரண்டு என்று தள்ளிவிட முடியாது. முன்னோருக்குப் படைக்கிற இடத்தை விற்பது என்றால் மனம் ஒப்பாதுதான். படைப்பை இன்னொரு பங்காளி வீட்டுக்கு மாற்றலாமா, ஒரு பகுதியை மட்டும் குடும்பத்தின் பேரில் நிறுத்திக்கொள்ளலாமா என்று பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். வக்கீலிடம் அதற்குப் பதில் கிடையாது. அண்ணனே மற்ற பங்குகளை வாங்க முன்வந்தால் விலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: நான் சிங்கப்பூர்க் குடிமகன், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருக்கிறது. தோட்டத்தோடு ஒரு பழைய வீடு வாங்கலாமா? (ஒரு வாசகர், சிங்கப்பூர்)

வீட்டை வாங்கலாம், ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி தேவையில்லை. தோட்டம் பதிவேட்டில் விவசாய நிலம் என்று இருந்தால் அதை வாங்க முடியாது. பண்ணை வீடும் முடியாது. "மாமா பேரில் வாங்கிப் போடுங்கள்" என்று யோசனை சொல்ல ஆள் இருக்கும், அப்புறம் மாமா மகனோடு நீங்கள்தான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். பணம் வங்கி வழியாகவே போகட்டும். விற்பவர்களில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் அவர் பங்குப் பணத்தில் வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குகிற உங்கள் பொறுப்பு. உள்ளூர்க்காரருக்கு 50 லட்சத்திலிருந்து பிடிக்கிற 1 சதவீதம் இதற்குப் பொருந்தாது, விகிதம் மிக அதிகம். பத்திர நாளுக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கினால் பராமரிப்புச் செலவாவது வருமா? (இன்னொரு வாசகி, சென்னை)

கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் அரண்மனை மாதிரி வீடுகள் ஹோட்டலாக நடக்கின்றன, அதைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே சமையலுக்கும் பெருக்கவும் தோட்டத்துக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மார்கழி, தையில் வெளிநாட்டார் வருவார்கள், சித்திரை வெயிலில் யார் வருவார்? நீங்கள் அங்கேயே குடியிருப்பதாக இருந்தால் இரண்டு அறையோடு ஆரம்பியுங்கள். சென்னையில் இருந்துகொண்டு வாட்ச்மேனை வைத்து நடத்துவதாக இருந்தால் வேண்டாம்.